கால் தெரிய எடுத்த படம்

ஸ்ரீஸ்கந்தராசா படம் எடுத்தால் அதில் கால் தெரியும். முகம் தெரிவது அவரவர் அதிர்ஷ்டம். சொந்த மச்சானின் கலியாணத்தில் பொம்பிளையின் நெற்றிச்சுட்டி பாதியோடு வெட்டுப்பட்டுப் போக, செருப்பு இரண்டும் வலு துப்புரவாக விழுந்திருந்தன. அதற்குப் பிறகு ஸ்காபரோவில் உள்ள அவருடைய ஆட்கள் எவரும் கொண்டாட்டங்களில் அவர் கையில் கமராவைக் கொடுப்பதில்லை.

மனிசன் சும்மா அப்படி எடுப்பதில்லை. எண்பத்தாறில் கனடாவுக்கு வந்த புதிதில், பனிக்குள் நின்று ஒரு படம் எடுத்துத் தாய்க்கு அனுப்பினார். இடுப்புக்கு மேலேதான் விழுந்திருந்தது. தாய் மறுகடிதத்தில் சுகம்கூட விசாரிக்காமல், “தம்பி, உன்ரை கால் எங்கை?” என்று எழுதியிருந்தார். ஊரில் ஷெல்லிலும் கண்ணிவெடியிலும் பிள்ளைகளின் கால்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. அடுத்த கிழமையே அதே இடத்துக்குப் போய், சப்பாத்துத் தெரிய இன்னொரு படம் எடுத்து அனுப்பினார். அன்று பிடித்த பழக்கம்தான், தாய் போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை.

மனைவி இராஜேஸ்வரிக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். தெரிந்தும் என்ன, கட்டின நாளில் இருந்து அவருடைய படங்களில் அவள் ஒரு பாதம்தான். அந்தக் கோபம் ஜப்பானில் வைத்து ஒரேயடியாக வெடித்தது.

பத்து வருடத்துக்கு முன் மகள் நிலக்சிக்கு ஒசாகாவில் ஒரு மாநாடு வந்தது. தாயையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கூட்டத்தில் இருந்த ஒரு நாள், இவர்கள் இரண்டு பேரும் ரயில் ஏறிக் கசுமினோ என்ற சின்னப் பட்டணத்தின் கோட்டையைப் பார்க்கப் போனார்கள். கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுக்க வேண்டும் என்று இராஜேஸ்வரி பச்சைக் காஞ்சிபுரம் உடுத்தாள். ஆனால் நடை கூட என்று மகள் சொல்லியிருந்ததால் சேலைக்குக் கீழே வெள்ளை ரன்னிங் சப்பாத்து. முழங்காலுக்கு மேலே எடுத்தால் ஒருவருக்கும் தெரியாது என்பது அவளுடைய கணக்கு. யாரைக் கட்டியிருக்கிறோம் என்பதை அந்தக் கணக்கில் அவள் சேர்க்க மறந்துபோனாள்.

தூரத்தில் இருந்து பார்த்தபோது அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. வெள்ளைச் சுவர், அடுக்கடுக்காகக் கறுத்த ஓட்டுக் கூரை, உச்சி முகட்டின் இரண்டு நுனியிலும் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பொன் மீன்கள். நெருப்பு வந்தால் அந்த மீன்கள் வாயால் தண்ணீர் கக்கி அணைக்குமாம். கிட்டப் போய் வாசலுக்குள் கால் வைத்தால், உள்ளே ஒரு லிஃப்ட் நின்றது. கொங்கிறீற்றுச் சுவர், ஏசி, கண்ணாடிப் பெட்டிக்குள் வாள், மூன்றாம் மாடியில் தொப்பி விற்கிற கடை.

மஞ்சள் சட்டை போட்ட ஒரு வயோதிபர் சம்பளம் இல்லாமல் வழிகாட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தை எண்ணி எண்ணிப் பேசினார். நானூறு வருடத்துக்கு முன் கட்டிய மரமாளிகை இது இல்லை என்றார். அது ஒருதரம் இடி விழுந்து எரிந்தது, திரும்பக் கட்டினார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் புது அரசாங்கம் வந்து இனிக் கோட்டைகள் வேண்டாம் என்று சொல்ல, மாளிகையைப் பிரித்து ஏலத்தில் விற்றார்கள். பிரபுக்கள் நடந்த தரைப்பலகை பொதுக் குளிப்பறைக்காரனின் அடுப்புக்கு விறகாகப் போனது. பிறகு தொண்ணூறு வருடம் வெறும் கல் அடித்தளம் மட்டும் மேலே ஒன்றும் இல்லாமல் நின்றது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதில் ஊர்ச்சனம் சேர்ந்து, இனி எந்த நெருப்பும் தொடக்கூடாது என்று கொங்கிறீற்றில் கட்டியெழுப்பியது. “நான் அப்போது இளந்தாரி. இதற்குச் சீமெந்து குழைத்தவர்களில் நானும் ஒருவன். மேலே இருப்பது என்னிலும் இளையது, கீழே இருக்கும் கல் எல்லாரிலும் மூத்தது” என்றார் அந்த மனிதர்.

இராஜேஸ்வரி காதில் விழுந்த ஒன்றையும் மனதில் எடுக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்ற ஆத்திரம் அவளுக்கு. உது போலி, உதைப் பார்க்கவோ உவ்வளவு தூரம் வந்தனாங்கள், ஸ்காபரோக் கொம்யூனிற்றி சென்ரர் மாதிரிக் கிடக்கு என்று முணுமுணுத்தாள். ஸ்ரீஸ்கந்தராசாவோ மாளிகையை விட்டுவிட்டுக் கீழே போய், தென்கிழக்கு மூலையின் அடிக்கல்லுக்கு முன்னால் வாய் பிளந்து நின்றார். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின் மேல் கல், ஒன்றின் தோள் மற்றதின் இடுக்குக்குள் போய் இருந்தது. அடியில் சாய்ந்து கிளம்பி, மேலே போகப் போகச் செங்குத்தாக நிமிர்ந்தது மதில். அவளை அந்த மூலையில் நிறுத்தி, நிலத்தில் முழங்கால் குத்தி, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு, கால் வரவேணும் என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தார். வெயில் வேறு. அவளுக்கு உச்சியில் ஏறியது. கைப்பையைத் தொப்பென்று நிலத்தில் போட்டுவிட்டு, கமராவைத் திரும்பியும் பாராமல் போய் நிழலில் குந்திவிட்டாள்.

திரும்பி வரும் ரயிலில் அவர் நித்திரையாகிப் போக, கமராவை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு படத்திலும் பட்டுச்சேலைக்குக் கீழே இரண்டு வெள்ளைச் சப்பாத்து பல்லை இளித்துக்கொண்டு நின்றது. தான் நின்ற படம் எல்லாவற்றையும் ஒன்றொன்றாக அழித்தாள். மொத்தம் பதினொன்று. அழித்ததை அவருக்குச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் எடுக்கிற மனிசன், எதைத் தேடப்போகிறார் என்று நினைத்தாள்.

ஆனால் கசுமினோ அவரை விடவில்லை. பிறம்ரனில் ஒரு பெரிய கோடவுனில் இருபத்தாறு வருடம் வேலை செய்து பென்சன் எடுத்த பிறகு, அவருக்கு அந்தக் கோட்டைதான் வேலையாகிப் போனது. அங்கே எதிர் மலையில் ஒரு கமரா பூட்டி, இருபத்துநாலு மணி நேரமும் இணையத்தில் காட்டுகிறார்கள். இங்கே இரவுச் சாப்பாடு முடிய அங்கே விடிந்திருக்கும். இடியப்பக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ரப்லெற்றுக்கு முன்னால் குந்தினார் என்றால், மூடுபனி விலகி, வெள்ளை மாளிகை மெல்ல மெல்ல வெளியே வரும் வரைக்கும் அசைய மாட்டார். உங்கடை கோயில் நடை திறந்தாச்சோ என்று இராஜேஸ்வரி கேட்பாள். அவர் சிரிப்பார்.

போன வருடம் மாசி மாதம் அந்தப் பட்டணத்தில் நிலம் அதிர்ந்தது. அன்று பின்னேரம் கமரா ஒன்றும் காட்டவில்லை. மூன்றாம் நாள் படம் வந்தபோது, அவள் எதிர்பார்த்ததற்கு எதிர்மாறாக இருந்தது. போலி என்று அவள் சொன்ன கொங்கிறீற்று மாளிகை ஓடு கழன்று, ஒரு மீனை இழந்து, ஆனாலும் நிமிர்ந்து நின்றது. நானூறு வருடக் கல்தான் தென்கிழக்கு மூலையில் சரிந்து கொட்டிக் கிடந்தது. அவள் சேலையோடு நின்ற அதே மூலை. ஸ்ரீஸ்கந்தராசா அன்று சாப்பிடவில்லை. வீட்டில் ஒரு செத்தவீடு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கமராவில் கண்டதுதான் இராஜேஸ்வரியையும் கதிரையை இழுத்துப் போட்டு இருக்க வைத்தது. விழுந்த கற்களை ஒருவரும் அள்ளிக் கொட்டவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி, கழுவி, ஒரு இலக்கம் ஒட்டி, கோட்டைக்குப் பின்னால் இருந்த பெரிய வெளியில் வரிசை வரிசையாக அடுக்கினார்கள். கிழமைக் கணக்காக, மாதக் கணக்காக அடுக்கினார்கள். இவ்வளவையும் என்ன செய்யப்போகிறார்கள் என்று அவள் கேட்டாள். பழையபடி கட்டப்போகிறார்கள் என்றார். அதற்கு ஏன் இலக்கம், கல் என்றால் கல்தானே, எதை எங்கே வைத்தால் என்ன என்றாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “ஒவ்வொரு கல்லும் முந்தி இருந்த இடத்திலைதான் வைக்கப் போயினமாம். பிறம்ரனிலை நான் உதைத்தானே செய்தனான். சாமான் துலையிறேல்லையப்பா. லொக்கேஷன்தான் துலையிறது.”

இராஜேஸ்வரி ரப்லெற்றைக் கிட்ட இழுத்தாள். அந்த வெளியையே பார்த்தாள். ஆயிரத்துக்கு மேல் கல். மழை பெய்தது, பனி கொட்டியது, அதுகள் தம் இலக்கத்தோடு கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருக்கிறது, அந்த இடம் எது என்று தெரியும் வரை காத்திருப்போம் என்று ஒரு ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. இப்படியும் சனம் இருக்குமா என்று அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது. கொம்யூனிற்றி சென்ரர் என்று சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலவும் இருந்தது.

இந்த வருடம் சித்திரையில் கோட்டைக் காரியாலயம் ஒரு அறிவித்தல் போட்டது. எந்தக் கல் எங்கே இருந்தது என்று பார்க்க, முன்பு வந்து போனவர்கள் எடுத்த படங்கள் இருந்தால் அனுப்பச் சொல்லிக் கேட்டது. ஸ்ரீஸ்கந்தராசா நிலக்சியைப் பிடித்துக் கடிதம் எழுதுவித்தார். தென்கிழக்கு மூலையில் தான் பன்னிரண்டு படம் எடுத்ததாகவும், எல்லாம் கால் தெரிய எடுத்தது என்றும் எழுதச் சொன்னார். அது எதற்கு என்று மகள் கேட்டாள். எழுது பிள்ளை என்றார்.

அது எதற்கு என்பது மறுநாள் வந்த பதிலில் தெரிந்தது. மொரித்தா என்ற பெண் அதிகாரி எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கில் படம் வந்திருக்கிறதாம், எல்லாரும் மாளிகையை அண்ணாந்துதான் எடுத்திருக்கிறார்களாம். அந்த மூலையின் அடி மூன்று வரிசையும் ஒருவருடைய படத்திலும் இல்லை. ஆனி முடிவில் அந்த வரிசைகளைக் கட்டத் தொடங்க வேண்டும். இடம் தெரியாத கற்களுக்குப் பதிலாகப் புதுக் கல் வைப்பார்கள். பழைய கற்கள் இலக்கத்தோடு அந்த வெளியிலேயே கிடக்கும். “உங்கள் படங்களுக்காகக் காத்திருக்கிறோம்” என்று முடித்திருந்தார்.

அந்த வரியை நிலக்சி வாசித்துக் காட்ட, மனிசனின் முகம் பூவாக மலர்ந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய படத்துக்கு ஒரு ஆள் காத்திருக்கிறது. இராஜேஸ்வரி ஒரு சாட்டுச் சொல்லிக் குசினிக்குள் போனாள்.

அவர் தேடத் தொடங்கினார். நான்கு ஹார்ட் டிஸ்க், ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய மெமரி காட். காலை தேத்தண்ணியோடு குந்தினால் மத்தியானம்தான் எழும்புவார். உம்மடை பச்சைச் சேலை கண்ணிலை படட்டும், பிடிச்சிடுவன் என்று சொல்லிக்கொண்டே ஆயிரக்கணக்கான படங்களை ஓடவிட்டார். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். கண் சிவந்து வீங்கிப்போனது. அவள் தேத்தண்ணி வைக்கப் போகும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள், மூடுவாள். அந்த வெளியில் மழைக்குள் கிடக்கும் கற்கள் கண்ணுக்குள் வந்தன. தன் சப்பாத்து வெட்கத்தால் அதுகள் நடுத்தெருவில் நிற்கப் போகின்றன என்று நினைத்தாள். ஐந்தாம் நாள் பொறுக்க முடியவில்லை.

“இஞ்சருங்கோ, தேடாதேங்கோ. அதுகளை நான்தான் அழிச்சனான்.”

அவருடைய விரல் அப்படியே நின்றது. “எப்ப?”

“திரும்பி வரேக்கை, ரெயினிலை. நீங்கள் நித்திரை. அந்தச் சப்பாத்து எனக்குச் சரியான வெக்கமாக் கிடந்தது.”

ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். மனிசன் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, எழுந்து கராஜுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் உப்பு, தண்ணி என்பதற்கு மேல் பேச்சில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ரப்லெற்றையும் திறக்கவில்லை. வீட்டில் அந்த வெள்ளை மாளிகை இல்லாமல் அவளுக்கே என்னவோ போல இருந்தது.

மூன்றாம் நாள், தன்னிடம் படம் இல்லை என்று மொரித்தாவுக்கு எழுதப் போவதாகச் சொன்னார். மகளைக் கூப்பிட வெட்கப்பட்டுத் தானே எழுத இருந்தார். இராஜேஸ்வரியும் பக்கத்தில் வந்து இருந்தாள், குற்றவாளி தீர்ப்புக்கு வந்து நிற்பதுபோல. முதல் வரியை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தார், பன்னிரண்டு படமும் அழிந்துபோய்விட்டன என்று.

“பதினொண்டு” என்றாள் அவள்.

“பன்னிரண்டு.”

“அழிச்ச எனக்குத் தெரியாதே? பதினொண்டு. ஒவ்வொண்டா எண்ணித்தான் அழிச்சனான்.”

“கமராவை அமத்தின எனக்குத் தெரியாதே? பன்னிரண்டு.”

இருபத்தாறு வருடம் கோடவுனில் பெட்டி எண்ணிய மனிசன் எண்ணிக்கையில் பிழை விடமாட்டார். அது அவளுக்குத் தெரியும். அவள் சப்பாத்தை எண்ணி அழித்தவள், அவளும் பிழை விடமாட்டாள். அது அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நான் நிண்டதெல்லாம் அழிச்சனான்” என்றாள் இராஜேஸ்வரி மெதுவாக.

“அப்ப நீர் நிக்காதது ஒண்டு கிடக்கு” என்றார்.

கோபித்துக்கொண்டு அவள் நடந்த அந்தக் கணத்தில் அவருடைய விரல் தன்பாட்டில் கமராவை அமத்தியிருக்கிறது. அவர் பச்சைச் சேலையைத் தேடியதால், சேலை இல்லாத அந்தப் படத்தை நாலு நாளும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார். இப்போது கல்லைத் தேடினார். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

ஒரு மூலை. ஒரு மனிதரும் இல்லை. நிலத்தில் இருந்து கிளம்பும் அடி மூன்று வரிசையும் நெருப்புப் பெட்டிகளை அடுக்கியதுபோல் துல்லியமாகத் தெரிந்தன. ஒரு கல்லில் உளி கொண்டு செதுக்கிய வட்டமும் ஒரு கோடும் இருந்தது, நானூறு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு கல்தச்சன் இது என்னுடையது என்று வைத்த குறி. கல்லடியில், கோபத்தில் போட்டபடியே சரிந்து கிடந்தது அவளுடைய மண்ணிறக் கைப்பை. அவள் மட்டும் அதில் நின்றிருந்தால் அந்தக் குறிக்கல்லைச் சேலை மறைத்திருக்கும். இராஜேஸ்வரிக்கு உடம்பு புல்லரித்தது. ஆத்திரத்தில் விலகி நடந்தது கூட எங்கோ ஒரு கணக்கில் சேர்ந்திருக்கிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

அனுப்பிய அன்றிரவே மொரித்தா பதில் எழுதினார். நன்றியைப் பத்து விதமாகச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார். கற்களின் அளவைக் கணக்கிட, படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் வேண்டும். அந்தக் கைப்பை எத்தனை சென்ரிமீற்றர் என்று அறியத் தர முடியுமா?

அந்தப் பை எங்கேயும் போகவில்லை. கனடாக் காகிதங்கள், பழைய பாஸ்போட்டுகள் எல்லாவற்றையும் அதற்குள்தான் போட்டு பேஸ்மென்ற் அலுமாரியில் வைத்திருந்தாள். எடுத்துத் தூசி தட்டித் தையல் நாடாவால் அளந்தார்கள். அகலம் முப்பத்துநாலு, உயரம் இருபத்தைந்து. பிடி சேர்க்கவோ என்று அவர் கேட்டார். படத்திலை பிடி விழுந்து கிடக்கு, சேர்க்காதேங்கோ என்றாள். நாட்டின் பாதுகாப்பு இரகசியம்போல் இரண்டு தரம் சரிபார்த்து அனுப்பினார்கள்.

ஆனி மாதம் கடைசிக் கிழமை, கல் வைக்கிற நேரத்தைக் குறித்து மொரித்தா எழுதியிருந்தார். இங்கே பின்னேரம் எட்டு மணி, இன்னும் வெளிச்சம் இருந்தது. அங்கே காலை ஒன்பது. நிலக்சி மிசிசாகாவில் வேலை முடிந்து வரப் பிந்தும் என்றாள். இரண்டு பேரும்தான் ரப்லெற்றுக்கு முன்னால் இருந்தார்கள். பாரந்தூக்கி ஒரு கல்லை மெல்ல இறக்கியது. அதில் வட்டமும் கோடும் இருந்தன. ஆறேழு பேர் கையாலும் கடப்பாரையாலும் தள்ளித் தள்ளி, ஒரு விரல் இந்தப் பக்கம், அரை விரல் அந்தப் பக்கம் என்று பார்த்தார்கள். பிறகு ஒருவர் கையைத் தூக்கினார். கல் இருந்தது. நானூறு வருடம் எங்கே இருந்ததோ, அங்கே.

வேலையாட்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கல்லுக்கு முன்னால் குனிந்து வணங்கினார்கள். இராஜேஸ்வரி தன்னை அறியாமல் கையைக் கூப்பியிருந்தாள். நெருப்பில் எரிந்து, விறகாகப் போய், சீமெந்தில் எழும்பி, நிலநடுக்கத்தில் சரிந்து, திரும்பவும் எழும்புகிற ஒன்றைப் போலி என்று எப்படிச் சொன்னேன் என்று அவளுக்கு விளங்கவேயில்லை. மஞ்சள் சட்டைக் கிழவர் உயிரோடு இருந்து இதைப் பார்க்கிறாரா என்று யோசித்தாள்.

ஸ்ரீஸ்கந்தராசா சொன்னார். “கல்லெல்லாம் தன்ரை தன்ரை இடத்துக்கு வந்திட்டுது. அந்தப் பதினொரு படத்திலையும் நீர் நல்ல வடிவாய் நிண்டனீர். அதுதான் எனக்குக் கவலை.”

அந்த நாலு நாளும் அவர் தேடியது கல்லை அல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். அவர் கூப்பிட்டுப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது பச்சைக் காஞ்சிபுரம் உடுத்தியிருந்தாள். இடுப்பு இப்போது கொஞ்சம் பெருத்துவிட்டது, கொசுவம் முன்பு போல் வரவில்லை. கீழே வெள்ளை ரன்னிங் சப்பாத்து. கையில் மண்ணிறப் பை. ரப்லெற்றைச் சுவரோரம் மேசையில் நிமிர்த்தி வைத்து, கோட்டை தெரிய அதற்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“எடுங்கோ. கால் தெரியவேணும்.”

அவர் கமராவை எடுத்துவந்து, நோகிற முழங்காலைக் குத்தி, ஒரு கையால் சோபாவைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். இன்னும் கொஞ்சம் பின்னுக்கு என்றார், போனாள். அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று ஆனதும் பையை நிலத்தில் வைத்துவிட்டு, ஒரு பக்கமாக விலகி நின்றாள்.

“இதையும் எடுங்கோ” என்றாள்.